ஆடுகளத்தின் ஓரத்தில் நிற்பவர்கள்



சென்ற ஆண்டு செப்டம்பர் மாதம், ஒரு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும், நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இடக்காலைச் சற்றே சாய்த்துச் சாய்த்து நடந்தபடி பங்கு இல்லத்திற்கு வந்தார். கையில் ஒரு லட்டுப் பொட்டலம், முகமெல்லாம் மலர்ச்சி. "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி. கலிபோர்னியாவில் இருக்கிற என் மகள் வயிற்றுப் பேரன் டாக்டருக்குப் படிக்கச் சேர்ந்துவிட்டான். விளையாட்டு டாக்டராம்! அவனுக்காக ஒரு பூசை வைக்க வேண்டும்" என்றார். நாமும் மகிழ்ந்து, பூசைக் கருத்தை ஏட்டில் குறித்துக்கொண்டோம். மாலைக்குள் செய்தி தெருவெங்கும் பரவிவிட்டது.

ஆறு திங்கள் கழித்து, தவக்காலத்தில், அதே பெரியவர் மீண்டும் வந்தார். இம்முறை பொட்டலமும் இல்லை; மலர்ச்சியும் இல்லை. "மகள் போனில் சொன்னாள் சாமி. அவன் டாக்டருக்குப் படிக்கவில்லையாம். ஏதோ சமுதாயக் கல்லூரியாம். மைதானத்திலே தண்ணீர்ப் புட்டி நிரப்புகிறானாம், துண்டு மடிக்கிறானாம், ஆடுகிற பிள்ளைகளின் காலைப் பிடித்துக் கட்டுப் போடுகிறானாம். இதற்கா கடல் கடந்து போனார்கள்? ஊரார் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?"

நாம் உடனே மறுமொழி கூறவில்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்ற நமக்கு அந்தப் படிப்பு புதிதாக இருந்தது. பெரியவரைத் தேற்றி அனுப்பிவிட்டு, அந்தப் பேரனோடு கைப்பேசியில் பேசினோம். அத்துறையைப் பற்றி இயன்றவரை படித்தும் அறிந்தோம். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் கவலைப்படுகிற இக்காலத்தில் அவ்வாறு அறிந்தது பிறருக்கும் பயன்படும் என்று கருதி, இத்திங்கள் இப்பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

முதலில், சமுதாயக் கல்லூரி என்பது யாது? அமெரிக்க நாட்டில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-ஆம் ஆண்டு ஆறே மாணவர்களோடு ஒரு சிறு கல்லூரி தொடங்கப்பெற்றது. பல்கலைக்கழகத்திற்குச் செல்ல வசதியற்ற உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு ஆண்டுப் படிப்பை வீட்டிற்கு அருகிலேயே தருவது அதன் நோக்கம். 1947-இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் பெருக வேண்டுமெனப் பரிந்துரைத்த பின்பு, சமுதாயக் கல்லூரி என்னும் பெயர் நிலைபெற்றது. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் கல்லூரிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. பள்ளிப் படிப்பை முடித்த எவருக்கும் பெரும்பாலும் கதவு திறந்திருக்கும். கலிபோர்னியாவில் வசிப்போர்க்குக் கட்டணம் ஓர் அலகுக்கு 46 டாலர். இரண்டு ஆண்டுப் பட்டத்திற்கு 60 அலகுகள் வேண்டும். ஆக 2,760 டாலர். நூல்கள், பேருந்துச் செலவு ஆகியவை தனி. பகலில் கடையில் வேலை செய்து மாலையில் படிப்பவர்களும், பிள்ளை பெற்ற தாய்மாரும், புதிதாகக் குடியேறியவர்களும் இங்கே ஒரே வகுப்பில் அமர்கின்றனர்.

இப்பெயர் நமக்கும் அந்நியமானதன்று. 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996-இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. இயேசு சபைக் குரு அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் அவர்கள் இம்முயற்சியை நம் நாட்டில் பரப்ப அரும்பாடு பட்டவர். ஆகவே, "ஏதோ சமுதாயக் கல்லூரி" என்று நாம் எளிதாக ஒதுக்கிவிடுவதற்கில்லை.

அடுத்து, விளையாட்டு மருத்துவம். இது ஒரே தொழிலன்று. பல படிகள் கொண்ட ஏணி. உச்சிப் படியில் நிற்பவர் மருத்துவர். அமெரிக்காவில் அவர் கல்லூரியில் நான்கு ஆண்டு, மருத்துவப் பள்ளியில் நான்கு ஆண்டு, குடும்ப மருத்துவம் போன்றதொரு துறையில் மூன்று ஆண்டு, அதன்மேல் விளையாட்டு மருத்துவத்தில் ஓர் ஆண்டு என ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் கற்றாக வேண்டும். அவருக்கு அடுத்து, முனைவர் நிலைப் படிப்பு முடித்த பிசியோதெரபி வல்லுநர். பின்னர் "அத்லெட்டிக் டிரெயினர்" என்னும் பணியாளர். இவர் ஆட்டம் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியாளர் அல்லர். ஆடுவோரின் உடலைக் காப்பவர். இவர்களுடைய தேசியச் சங்கம் 1950-இல் கான்சஸ் சிட்டியில் தோன்றியது. 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றது. இன்று இத்தொழிலில் புதிதாக நுழைவோருக்கு முதுநிலைப் பட்டப் படிப்பு வேண்டும்.

இவர்களுக்கெல்லாம் கீழே உள்ள படிகளில்தான் சமுதாயக் கல்லூரி மாணவன் காலூன்றுகிறான். அங்கே கல்லூரியின் ஆட்ட அணிகளே அவனுக்குப் பாடசாலை. காலையில் எலும்பு, தசை, நரம்பு ஆகியவற்றின் பெயரும் செயலும் கற்கிறான். பிற்பகலில் வீரர்களின் சிகிச்சை அறையில் அத்லெட்டிக் டிரெயினரின் கண்காணிப்பில் கைவேலை பழகுகிறான். கணுக்காலுக்குப் பிளாஸ்திரி நாடா சுற்றுவதையே பல நாள் பழக வேண்டியிருக்கிறது. மிக இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும். தளர்த்தினால் கட்டியும் பயனில்லை. கட்டி முடித்தபின் கால்விரல் நகத்தை அழுத்தி விட்டு, வெளுத்த நிறம் உடனே சிவந்து திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

பெரியவர் நாணிய வேலைகளுக்கும் காரணம் உண்டு. ஒருவர் வாய் வைத்த புட்டியில் மற்றவர் குடித்தால் நோய் பரவும். சிகிச்சை மேசையைக் கிருமிநாசினி கொண்டு துடைக்காவிட்டால் ஒருவன் தோலிலுள்ள படையும் புண்ணும் அடுத்தவனுக்குத் தொற்றும். துண்டு மடிப்பவன் தூய துண்டையும் இரத்தம் பட்ட துண்டையும் பிரித்தறிய வேண்டும். இவற்றோடு, அவசரம் நேர்ந்தால் யார் ஆம்புலன்சை அழைப்பது, எந்த வாயில் வழியே அது வரும், அவ்வாயிலின் திறவுகோல் யாரிடம் உள்ளது, நின்றுபோன இதயத்தை மீண்டும் இயக்கும் மின்னதிர்ச்சிக் கருவி எந்தச் சுவரில் மாட்டப்பட்டுள்ளது என்பனவெல்லாம் ஆட்டம் தொடங்குமுன் அவன் அறிந்திருக்க வேண்டும்.

இவை அற்பக் காரியங்கள் அல்ல என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. 2023 ஜனவரி 2-ஆம் நாள் சின்சினாட்டி நகரில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், பஃபலோ பில்ஸ் அணியின் 24 வயது வீரர் டமார் ஹாம்லின் எதிரணி வீரரைத் தடுத்து வீழ்த்தினார். எழுந்து நின்றார், மறுகணம் மல்லாந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. அணியின் துணை அத்லெட்டிக் டிரெயினர் டென்னி கெல்லிங்டன் அக்களத்திலேயே அவர் மார்பை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் காத்தார். மின்னதிர்ச்சிக் கருவியும் அங்கேயே பயன்பட்டது. ஜனவரி 11-இல் ஹாம்லின் மருத்துவமனையிலிருந்து வெளியேறினார். அவ்வாண்டிலேயே மீண்டும் ஆடினார். பின்னர் மருத்துவமனையில் பெரிய மருத்துவர்கள் பலர் பாடுபட்டனர், உண்மை. ஆனால் அவர்கள் கைக்கு அந்த உயிரைச் சேர்ப்பித்தவர்கள் ஆடுகளத்தின் ஓரத்தில் நின்றவர்களே.

மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2018 மே 29-ஆம் நாள், மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்த ஜோர்டன் மெக்நேர் என்னும் 19 வயது மாணவர் வெப்பத்தாக்கினால் வீழ்ந்தார். வெப்பத்தாக்கு என்பது வெறும் களைப்பன்று. உடலின் உள்வெப்பம் 40.5 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. பேச்சும் அறிவும் தடுமாறுகின்றன. உடனே கழுத்துவரை குளிர்நீர்த் தொட்டியில் அமர்த்த வேண்டும். முதலில் குளிர்விப்பது, அதன் பின்னரே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வது என்பதே இதற்குரிய விதி. அரை மணி நேரத்திற்குள் வெப்பம் தணிந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அந்த மாணவருக்குக் குளிர்நீர்த் தொட்டி கிடைக்கவில்லை. அவசர உதவியை அழைக்கவே ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. ஜூன் 13-இல் அவர் உயிர் நீத்தார். தவறு நேர்ந்ததென்று பல்கலைக்கழகத் தலைவரே வெளிப்படையாகப் பொறுப்பேற்றார். அங்கே கற்றவர்கள் இல்லாமல் இல்லை, பல்கலைக்கழகமே உடனிருந்தது. வேண்டியது, குறித்த நேரத்தில் குறித்த செயலைச் செய்யும் கை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் படித்த பின்னரே அந்த இளைஞனோடு நாம் இரண்டாம் முறை பேசினோம். பத்தொன்பது வயதுப் பிள்ளை. தமிழ் பாதி, ஆங்கிலம் பாதி. "தம்பி, உனக்கு அங்கே என்ன வேலை?" என்றோம். சற்றுத் தயங்கி, ஓர் இரவு நடந்ததைச் சொன்னான்.

அவன் கல்லூரியின் கால்பந்து ஆட்டம் அன்று. இரண்டாம் பாதியில் வீரன் ஒருவன் மோதி விழுந்தான். தானே எழுந்து ஓரத்திற்கு வந்தான். நம் பிள்ளை தண்ணீர் நீட்டினான். "ஆட்டக் கணக்கு என்ன?" என்று வீரன் கேட்டான், சொன்னான். ஒரு நிமிடம் சென்றதும், முன்பு கேட்டதே நினைவின்றி, அதையே மீண்டும் கேட்டான்.

"அது என்ன நோய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை ஃபாதர். ஆனால் பார்த்ததைச் சொல்ல உரிமை உண்டு. உடனே டிரெயினரிடம் போய்ச் சொன்னேன்."

அந்த அம்மையார் வந்து வீரனைச் சோதித்தார். அவனுடைய தலைக்கவசத்தை வாங்கித் தம்மிடமே வைத்துக்கொண்டார். கவசமின்றிக் களம் புக முடியாதல்லவா? பயிற்சியாளர் முகம் சுளித்தார். வீரன் நம் பிள்ளையை முறைத்துப் பார்த்தான். ஆட்டத்தில் தோல்வி. மறுநாள் மருத்துவர் அது மூளையதிர்ச்சியே என உறுதி செய்தார். மூன்று வாரம் படிப்படியாகத் தேறிய பின்னரே அவனை ஆட விட்டார்கள். ஒரு வாரம் நம் பிள்ளையோடு பேசாதிருந்த அவ்வீரன், பின்பு ஒருநாள் தானாகவே வந்து, "என் கணுக்காலுக்கு நீயே கட்டுப் போடு" என்று காலை நீட்டினானாம்.

இதன் பொருளை உணர, வாஷிங்டன் மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டு நடந்ததை அறிய வேண்டும். பள்ளிக் கால்பந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்ட சாக்கரி லைஸ்டெட் என்னும் 13 வயதுச் சிறுவன், சிறிது இளைப்பாறிய பின் மீண்டும் ஆட அனுப்பப்பட்டான். ஆட்டம் முடிந்ததும் மூளையில் இரத்தம் கசிந்து வீழ்ந்தான். உயிர் பிழைத்தான், ஆனால் பேசவும் நடக்கவும் பல ஆண்டுகள் போராட வேண்டியதாயிற்று. அவன் பெயராலேயே 2009-இல் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. மூளையதிர்ச்சி என ஐயம் எழுந்தாலே இளம் வீரனைக் களத்திலிருந்து விலக்க வேண்டும். உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர் எழுத்து மூலம் இசைவு தரும்வரை மீண்டும் ஆட விடலாகாது. 2014-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன.

ஆகவே, அன்பர்களே, இந்தப் படிப்பின் சாரம் எதுவெனில், தன் எல்லையை அறிவதே. எல்லைக்குள் இருப்பதைத் தயங்காமல் முழுமையாகச் செய்வது. எல்லைக்கு அப்பாற்பட்டதை உரியவரிடம் காலந்தாழ்த்தாது ஒப்படைப்பது. நோய் இன்னதென்று தீர்ப்புச் சொல்வதும், "நீ ஆடலாம்" என்று அனுப்புவதும் மாணவனின் வேலையன்று. கண்டதைச் சொல்லாமல் விடுவதோ அவன் செய்யக்கூடிய பெரும் பிழை.

எல்லையை அறிதல் ஆடுகளத்தில் மட்டுமன்று, படிப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் வேண்டும். இதை வெளிப்படையாகக் கூறியாக வேண்டும்; ஏனெனில் குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான். விளையாட்டு மருத்துவச் சான்றிதழ் என்று அழகிய தாளில் அச்சிட்டுக் கொடுத்தாலும், அது மட்டும் எவரையும் அத்லெட்டிக் டிரெயினர் ஆக்காது. சான்றிதழோடு பிசியோதெரபி நிலையத்தில் சாதாரண உதவியாளாகச் சேரலாம். அதற்கு உரிமம் தேவையில்லை, ஊதியமும் குறைவே. ஒரு பருவம் படித்துத் தேர்வு எழுதி ஆம்புலன்சில் முதலுதவிப் பணியாளராகலாம். இரண்டே ஆண்டில் உறுதியான தொழில் வேண்டுவோர்க்கு உள்ள வழி, உரிமம் பெற்ற பிசியோதெரபித் துணைவர் படிப்பு. அதன் முதல் வகுப்புகள் 1967-இல் இரண்டு இடங்களில் தோன்றின. ஒன்று ஃபுளோரிடாவில் மியாமி டேட் சமுதாயக் கல்லூரி. மற்றொன்று மினியாபொலிஸ் நகரில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய கல்லூரி. இன்றும் இப்படிப்பில் இடம் கிடைப்பது எளிதன்று. தேசியத் தேர்விலும் தேற வேண்டும். அதன் பின்னரும் பிசியோதெரபி வல்லுநரின் மேற்பார்வையில்தான் பணி. மேலும், துணைவர் படிப்பில் கற்ற பாடங்களில் பல, பிற்காலத்தில் வல்லுநர் பட்டத்திற்குச் செல்லும்போது கணக்கில் கொள்ளப்படுவதில்லை. மேற்படிகளுக்கு ஏற விரும்புவோர் தொடக்கத்திலேயே பல்கலைக்கழகம் ஏற்கும் பாடங்களைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

கற்றதோடு முடிந்ததென்றும் இருத்தலாகாது. 1978-இல் மருத்துவர் கேப் மிர்கின் தம் நூலொன்றில், அடிபட்ட இடத்திற்கு ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என நான்கு விதிகளை வகுத்தார். உலகெங்கும் அதையே மனப்பாடம் செய்தார்கள். 2014-இல் அவரே, பனிக்கட்டி குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். தாம் சொன்னதைத் தாமே திருத்திக்கொண்ட அப்பணிவு பாராட்டுக்குரியது. மார்பழுத்த முதலுதவிச் சான்றும் இரண்டு ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதே அங்குள்ள வழக்கம்.

எனவே, இத்தகைய படிப்பில் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர், அது எந்த நாடாயினும், மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இச்சான்றிதழை வைத்துக்கொண்டு என் பிள்ளை சட்டப்படி எந்த வேலையைச் செய்யலாம்? எதைச் செய்யலாகாது? இதற்கு மேலுள்ள படிக்கு ஏற வேண்டுமாயின் இப்பாடங்கள் அங்கே செல்லுமா? இம்மூன்றுக்கும் தெளிவான விடையை எழுத்தில் தருகிற நிறுவனத்தை நம்பலாம். விடை கூறாமல் கட்டணச் சீட்டை மட்டும் நீட்டுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அந்தப் பேரன் இறுதியாக நம்மிடம் சொன்ன சொல் ஒன்று நம் உள்ளத்தைத் தைத்தது. "நான் டாக்டர் இல்லை என்று தாத்தாவிடம் சொல்ல அம்மாவுக்கு ஆறு மாதமாக மனம் வரவில்லை ஃபாதர். அவர் பெருமையைக் கெடுக்கப் பயம்." நம் பெருமையே பிள்ளைகளின் நாவைக் கட்டிப்போடுகிறதென்றால், அதைவிட வருந்தத்தக்கது வேறென்ன?

பெரிய வியாழன் வந்தது. பாதம் கழுவப்பட வேண்டிய பன்னிருவருள் அப்பெரியவரும் ஒருவர். நாம் முழந்தாளிட்டு அவருடைய இடக்காலைக் கையில் ஏந்தியபோதுதான் கண்டோம்: கணுக்கால் எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. வழிபாடு முடிந்ததும் அதைப் பற்றிக் கேட்டோம்.

"இருபது வயதில் சடுகுடு ஆடி விழுந்தேன் சாமி. சுளுக்கு என்றார்கள். நாலு பேர் பிடித்துக்கொண்டு எண்ணெய் போட்டு வழித்து இழுத்தார்கள். எலும்பு முறிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அன்று முதல் இப்படித்தான் நடக்கிறேன்."

"அன்று களத்தின் ஓரத்தில், 'காலை இழுக்காதீர்கள், அசைக்காமல் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்' என்று சொல்ல ஒரு பிள்ளை இருந்திருந்தால்?" என்றோம்.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. கோயில் முற்றத்துப் படியில் அமர்ந்து தம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "அவனுக்கு இன்னொரு பூசை வைக்க வேண்டும் சாமி. டாக்டர் என்று ஏட்டில் எழுத வேண்டாம்" என்றார்.

"பின் என்னவென்று எழுத?"

"பேரன் என்று எழுதுங்கள். அவன் என்ன வேலை செய்கிறான் என்று ஊராருக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்."